தறிச் சத்தத்தில் பழகிய தொண்டை

பொதட்டூர்பேட்டை பங்காருவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் முப்பது வருஷம் விசைத்தறி ஷெட்டில் நின்றே போனது. போன மாதம் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இனிமேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் பங்காருவுக்குத் தெரியாது. நல்ல தொண்டை மட்டும் இருந்தது.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் சுஜாதா ஒரு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தாள். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக ஓட்டுகிற விளம்பரங்களை அங்கேதான் கம்ப்யூட்டரில் பதிவு செய்வார்கள். அவளிடம் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் சென்னைக்குப் போய்விட்டான். கேள்விப்பட்டு பங்காரு வந்தான், மனைவி ரஞ்சிதத்தோடு. இது கிடைக்காவிட்டால் அதே காலோடு திரும்பவும் தறிதான்.

லுங்கிக் கடை விளம்பரத்தைக் கையில் கொடுத்து, "பேசுங்கண்ணே" என்றாள் சுஜாதா.

பேசினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரையில் குரலுக்குத் தகுந்தபடி ஏறி இறங்க வேண்டிய பச்சைக் கோடு, உச்சியில் முட்டிச் சிவப்பாகிவிட்டது. போட்டுக் கேட்டால் தகரம் கிழிகிற சத்தம்.

"மைக்கு மூக்குக்கு முன்னாலதான கீது? யாரண்ணே கூப்புடுறீங்க, மலை மேல இருக்கறவரையா? மெதுவா பேசுங்க."

மெதுவாகப் பேசினான். வாய் அகலமாகத் திறந்து மூடியது. கோடு அசையவே இல்லை. ஷெட்டில் பக்கத்துத் தறிக்காரனோடு உதட்டாலேயே பேசிப் பழக்கம். தூரத்து ஆள் என்றால் கத்தல். இரண்டுக்கும் நடுவில் ஒன்று அங்கே தேவைப்பட்டதில்லை.

"படம் ஓடுது, சவுண்டு வரல" என்றாள் சுஜாதா.

ஒன்பது தடவை பார்த்தார்கள். பங்காருவின் சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"வேற ஆள் பாத்துக்கறேண்ணே. தப்பா நினைச்சுக்காதீங்க."

ரஞ்சிதம் தெலுங்கில் என்னவோ கேட்டாள். அவனும் தெலுங்கில் இரண்டு வார்த்தை சொன்னான். பதிவை நிறுத்தப் போன சுஜாதா திரையைப் பார்த்தாள். கோடு ஒழுங்காக ஏறி இறங்கியிருந்தது.

"அண்ணே, இப்ப பேசினீங்களே, இதே மாதிரி தமிழ்ல பேசுங்க."

"தமிழு ஷெட்டுலதான்மா. வூட்ல தெலுங்கு."

"அப்ப அக்காவைப் பாத்து தமிழ்ல சொல்லுங்க."

பங்காரு ரஞ்சிதத்தைப் பார்த்து, "தாய்மார்களே!" என்றான். கோடு சிவந்தது.

"பாவா, நான் உனக்குத் தாயா?" ரஞ்சிதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சுஜாதாவும் சிரித்துவிட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். ஆந்திர எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கம் ஓடுகிற ஆட்டோக்களுக்குத் தெலுங்கு வேண்டும். பங்காருவுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. அவன் தெலுங்கில் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

"ரண்டம்மா ரண்டி, கொத்த லுங்கீலு வச்சினாயி" என்றான், வாங்கம்மா வாங்க, புது லுங்கி வந்திருக்கு என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி. ஒரே தடவையில் முடிந்தது. முன்னும் பின்னும் இருந்த இருமலை வெட்டி, ஃபேன் சத்தத்தை நீக்கிச் சேமித்தாள் சுஜாதா.

"தமிழுக்கு வேற ஆள்தாண்ணே. தெலுங்கு உங்களுது. வாரத்துல நாலு நாள் வேலை வரும்."

"ஆங்" என்றான் பங்காரு. மீதி மூன்று நாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டூலை மைக்குக்கு அருகே இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்த தாளுக்குக் கை நீட்டினான்.