தானாக மூடிக்கொண்ட துப்பாக்கி

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். அப்போது நான் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு, தினமும் எல்லை தாண்டி வந்து சிங்கப்பூரில் துணைப் போலீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கிற வேலை என்பதால் அவ்வப்போது சுடும் தேர்வில் தேறியாக வேண்டும். அன்று காலை அந்தத் தேர்வு. எனக்கோ காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்தது. உள்ளே ஏர்கான் குளிர் தாங்காது என்று அனுமதி கேட்டு, பின்கழுத்தில் பைபோலத் தொங்கும் தலைமூடி வைத்த ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் கைத்துப்பாக்கியின் மேல்பாகத்தை ஸ்லைடு என்போம். கடைசித் தோட்டா தீர்ந்ததும் அது பின்னால் போய்த் திறந்தபடி நின்றுவிடும். தோட்டாக்கள் நிரப்பிய புது மேகசினைச் செருகி, ஸ்லைடைக் கையால் இழுத்து விட்டால், அது முன்னால் பாய்ந்து முதல் தோட்டாவை உள்ளே ஏற்றிக்கொள்ளும். ஆனால் மேகசினைக் கொஞ்சம் ஓங்கிச் செருகினால், சில சமயம் கை படாமலேயே ஸ்லைடு மூடிக்கொள்ளும். எல்லா நேரமும் அப்படி ஆகாது. அதனால் அதை நம்பவே கூடாது என்று பயிற்றுநர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

எனக்கு இடப்பக்கம் ஒரு பெண் அதிகாரி நின்றார். சிராங்கூன்காரர், வேறு பிரிவு. அன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதுகூட இல்லை. நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. அவர் சுடும்போது தெறிக்கும் வெற்றுத் தோட்டாக் கூடுகள் என் தோளில் பட்டுக்கொண்டே இருந்தன. அது சகஜம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். முடிந்ததும், தோட்டா எதுவும் தங்கவில்லை என்று எல்லோரும் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினோம். பயிற்றுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகச் சொல்லி என்னை மட்டும் முதலில் அனுப்பிவிட்டார். ஜாக்கெட்டைச் சுருட்டி முதுகுப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

தேக்கா பக்கம் ஒரு கிளினிக்கில் மருந்து வாங்கினேன். அப்படியே ஜாலான் புசார் வழியாக நடந்து, ஜொகூர் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றேன். மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தால், ஒரே எண்ணிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அழைப்பு வந்தது. பயிற்றுநர்தான்.

"எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேன் சார், ஜாலான் புசார் கிட்ட."

"ஏறாதீங்க. வரிசைய விட்டு வெளிய வாங்க. காலைல போட்டிருந்த ஜாக்கெட் எங்க?"

"பைக்குள்ள இருக்கு சார்."

"பையத் திறக்காதீங்க. அதுல ஒரு லைவ் ரவுண்டு இருக்கலாம்னு நினைக்கிறோம். போலீஸ் வருது, நானும் வர்றேன். அங்கேயே நில்லுங்க."

சுடாத தோட்டா. என் முதுகில். பஸ்ஸில் ஏறியிருந்தால் அடுத்து சோதனைச்சாவடி, பையை எக்ஸ்ரே எந்திரத்துக்குள் தள்ளியிருப்பேன். உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் இரண்டு நாட்டிலும் சிறைதான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எனக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதுவும் துப்பாக்கி பிடிக்கிற ஆள் சொன்னால்?

பையை மெல்ல இறக்கி, பூட்டியிருந்த ஒரு இரும்புச் சாமான் கடை வாசலில், இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்தேன். ஆட்கள் உரசிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவரும் பையைத் தட்டிவிடுவார் போலவே இருந்தது. பக்கத்திலேயே சாக்கடை. திறந்து பார்த்து, இருந்தால் அதில் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதே பயமாக இருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டேன்.

போலீஸ்காரர்கள் இருவரும் பயிற்றுநரும் வந்தார்கள். கையுறை போட்ட ஒருவர் ஜாக்கெட்டை எடுத்து விரித்து உதறாமல் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு தலைமூடியின் மடிப்பை விரித்தார். பித்தளை மினுக்கென்று தெரிந்தது.

காவல் நிலையத்தில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். என்ன ஆனது என்று பயிற்றுநர் அங்கேதான் விளக்கினார். அந்தப் பெண் மேகசினைச் செருகியதுமே ஸ்லைடு தானாக மூடிவிட்டது. சுற்றிலும் சுடும் சத்தத்தில் அவருக்கு அது தெரியவில்லை. வழக்கம்போல ஸ்லைடை இழுத்துவிட்டார். ஏறியிருந்த தோட்டா அப்படியே வெளியே தெறித்து, என் ஜாக்கெட்டின் தலைமூடிக்குள் விழுந்துவிட்டது. நான் கிளம்பிப் போன பிறகு, துப்பாக்கி ஒரு தோட்டா முன்னதாகவே தீர்ந்த மாதிரி இருந்தது என்று அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். தரையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. தெறித்தால் வலப்பக்கம்தான் போகும், அங்கே ஜாக்கெட் போட்டவர் நின்றார் என்று விடாமல் சொன்னதும் அவர்தான். பயிற்சிக் கூடத்துக் கேமராப் பதிவும் அதையே காட்டியது. சாயங்காலம் என்னை விட்டுவிட்டார்கள்.

அவரைக் கொஞ்ச நாள் ஆயுதப் பணியிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் உணவகத்தில் பார்த்து நன்றி சொன்னேன். உறுதியாகத் தெரியாதபோது எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. தப்பா இருந்தா எனக்குத் திட்டு விழும், அவ்ளோதான லா," என்றார், தேநீரை ஆற்றிக்கொண்டே.

எனக்கு அது அவ்வளவுதான் இல்லை. இப்போதெல்லாம் மனதில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும், நான் முட்டாளாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். அப்படி ஒருவர் சொன்னதால்தான் அன்று மாலை என் மனைவி கதவைத் திறந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன்.