மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம்

இடது கட்டைவிரல் ரப்பர் நாடாவை இழுத்துப் பிடித்திருந்தது. ஏரியல் ஒயரின் மூட்டின்மேல், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி, வலது கை அதை அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பாலைவன மணல்மேடுகள் கடலைத் தொடும் வால்விஸ் பே ஊரின் காலைப் பனிமூட்டம் கடலிலிருந்து உப்பையும் சேர்த்தே கொண்டுவரும். மயிரிழை இடைவெளி போதும், செம்பில் பச்சை பூத்துவிடும். மீன்பிடிப் படகுகளின் ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துத் தானாகவே தொழில் கற்ற உட்டாராவுக்கு அந்தப் பச்சையைக் கண்டாலே ஆகாது.

இப்போதெல்லாம் படகுக்காரர்களைவிட மணல்மேடு ஏறும் வண்டிக்காரர்கள்தான் அவள் முற்றத்துக்கு அதிகம் வருகிறார்கள். கணவன் ஹிஸ்கியாவே மணல்மேடு பார்க்க வரும் விருந்தாளிகளின் வாடகை வண்டிகளுக்கு முன்னால் போய் வழிகாட்டுகிறவன். அவன் உச்சியைத் தாண்டி, இறங்கி, ஓரமாக ஒதுங்கி, ‘வாங்க’ என்று சொன்ன பிறகுதான் அடுத்த வண்டி ஏற வேண்டும். போன பயணத்தில் உச்சி தாண்டி இறங்கியதும் அவன் வண்டி அடிவாரத்தில் புதைந்துவிட்டது. ‘நில்லுங்க’ என்று ரேடியோவில் சொன்னான். பதில் இல்லை, கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவரோ, ஒன்றும் கேட்காததால் வழி விட்டாயிற்று என்று ஏறி வந்து அவன் வண்டியின் பின்பக்கத்தில் இடித்துவிட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் இந்தப் பயணங்களை நடத்தும் முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஹிஸ்கியா வழிகாட்ட வேண்டாம். விடிந்தால் அடுத்த கூட்டம் கிளம்புகிறது.

“கை ரேடியோவே போதுங்கறாங்க முதலாளியம்மா,” என்றான் ஹிஸ்கியா, மணலில் ஓட்டுவதற்காக டயரில் காற்றை இறக்கியபடி. “வாடகை வண்டியில ஓட்டை போடக் கூடாதாம்.”

“குடுத்தா வண்டி ஓட்டறவங்க அதை எங்க வைக்கறாங்க?”

“கப் வைக்கிற குழியிலதான்.”

“இரும்புப் பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி. நல்லாத்தான் கேக்கும்!”

“அப்போ பவர் கூடுனதா வாங்கு.”

“பவரு பவருன்னு பறக்காத. கம்பி வெளிய நிக்கணும், அதான் முக்கியம்.”

“எங்க நிக்கும்? கூரை முழுக்கப் படுக்கிற டென்ட்டு.”

“பானெட் இருக்கே. அடியில காந்தம். ஒயரைக் கதவு ரப்பர் வழியா உள்ள விட்டா ஓட்டையே வேண்டாம்.”

“அப்போ நீயே வந்து காட்டு, பாப்போம்.”

சோதித்துப் பார்க்க இருவரும் ஆளுக்கொரு வண்டியில் போனார்கள். அவன் மேட்டைத் தாண்டி இறங்கினான். அவள் இந்தப் பக்கம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கை ரேடியோவைக் கப் குழியில் வைத்துக் காத்திருந்தாள். கரகரப்பு மட்டும்தான் வந்தது. அதை அணைத்தாள். காந்தத்துக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை வைத்தாள். மணல் இடையில் புகுந்தால் பெயின்ட் கீறிவிடும். கம்பியைப் பானெட்டில் நிறுத்தினாள். வண்டிக்கான ரேடியோவை சிகரெட் லைட்டர் துளையில் செருகினாள். பேச்சுப் பொத்தானில் விரல் வைப்பதற்குள் அவன் குரல் பளிச்சென்று வந்தது.

“கேக்குதா மகாராணி? எங்க கேக்கும். கேக்காதுங்கற தைரியத்துல சொல்றேன், காலைல நீ பொரிச்ச மாவுருண்டையில உப்பே இல்ல.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு தணிந்த குரலில், “பயமா இருக்கு உட்டாரா. உச்சி தாண்டுனதும் பின்னாடி கண்ணாடியவே பாக்கறேன். முன்னாடி பாக்க மாட்டேங்கறேன். இப்படி இருந்துட்டு எப்படி வழி காட்டறது?”

அவள் பொத்தானை அழுத்தினாள். “கேக்குது. உப்பு இல்லன்னதும் கேட்டுச்சு.”

அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு, “அடிப்பாவி!”

“ஹிஸ்கியா, படகுல ஒரு பழக்கம் இருக்கு. கேட்டவங்க கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும். சொல்லலன்னா கேக்கலன்னு அர்த்தம். இனிமே நீ கண்ணாடியப் பாக்க வேண்டாம், பதிலுக்குக் காத்திரு. எங்க, திருப்பிச் சொல்லு.”

“கண்ணாடியப் பாக்க மாட்டேன். பதிலுக்குக் காத்திருப்பேன்.”

மறுநாள் காலை பனிமூட்டம் விலகும் முன்பே எல்லா வண்டிகளின் பானெட்டிலும் கம்பி நின்றது. இரண்டாவது வண்டியை ஓட்டவிருந்த ரெஃபில்வே, ப்ளும்ஃபொன்டைனிலிருந்து வந்த விருந்தாளி, மேட்டுக்கு அப்பாலிருந்தும் வண்டி தெரிவதற்கான ஆரஞ்சு மணல்கொடியை ரேடியோ கம்பியிலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

“அதுல வேண்டாங்க. காத்து கொடியப் புடிச்சு இழுத்தா கம்பியே சாஞ்சிடும்,” என்று உட்டாரா அதை அவிழ்த்துத் தனிக்கழியில் கட்டினாள். “காதுல ‘வாங்க’ன்னு விழாம ஏறாதீங்க. எது கேட்டாலும் திருப்பிச் சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் முன்னால போறவரும் நகர மாட்டார்.”

“பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரியா?” என்று சிரித்தார் ரெஃபில்வே.

“அதே மாதிரிதாங்க.”

வரிசையின் முன்னாலிருந்து ரேடியோவில் ஹிஸ்கியாவின் குரல் வந்தது. “ரெண்டாவது வண்டி, நில்லுங்க.”

“நிக்கறேன்னு சொல்லணுமா?” என்று கேட்டார் ரெஃபில்வே.

உட்டாரா ஒயரின் சுருக்கத்தை நீவிவிட்டு, மைக்கை அவர் கையில் வைத்தாள்.