ஹம்பன் காட்டில் மூன்று ஓநாய்கள்

ஓகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை 6.50. டென்மார்க்கின் இக்காஸ்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காரை எடுத்தோம். நானும் என் மனைவி ரஞ்சியும்தான். போகிற இடம் ஹம்பன் ஏரிக்கு அப்பால் உள்ள காடு. வீட்டிலிருந்து இருபத்து நான்கு கிலோமீட்டர். இதைப் பயணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருக்கிறோம். அந்த ஏரியில் எங்கள் மகள் நீந்தப் பழகினாள். ஆனால் எனக்கு அது அந்த வருடத்தின் மிக நீண்ட பயணம். பெப்ரவரியில் ஓகூஸ் நகர ஆஸ்பத்திரியில் எனக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். அதற்குப் பிறகு ஊர் எல்லையைத் தாண்டி நான் நடக்கப் போவது இதுதான் முதல் தடவை.

ஆறு மாதம் எப்படிப் போனது என்று சொல்லவேண்டும். முதல் கிழமை வாசலில் உள்ள தபால் பெட்டி வரை நடந்தேன். பிறகு தெருமுனை, பிறகு தேவாலயம், பிறகு ஊருக்குள் இருக்கும் சிறிய குளத்தைச் சுற்றி ஒரு வட்டம். பிசியோ சொல்லித் தருகிற பெண் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகலாம் என்பாள். ரஞ்சி ஒவ்வொரு முறையும் திரும்புவோம் என்பாள். அவள் வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவள். விழுந்தவர்கள், மூச்சடைத்தவர்கள் எல்லோரையும் தினமும் பார்க்கிறவள். நான் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டுவாள். நான் இருமினால் பக்கத்து அறையில் அவள் கதிரை நகரும் சத்தம் கேட்கும். அன்புதான். ஆனால் முப்பது வருடம் துணி ஆலையிலும் களஞ்சியத்திலும் பெட்டி தூக்கிய ஒருவனுக்கு, தன் சட்டைப் பொத்தானை வேறொருவர் பூட்டிவிடுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

7.10. வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தினோம். கசகசா தூவிய நான்கு பணிஸ், ஐம்பத்தெட்டு குரோனர். ரஞ்சி பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தாள். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் உருளைகள் கிடந்தன. தூரத்தில் காற்றாலைகள் அசையாமல் நின்றன. காற்றில்லாத நாள் இந்தப் பக்கத்தில் அபூர்வம். நல்ல சகுனம் என்றேன். ரஞ்சி, எனக்கு நெஞ்சு வலித்தால் நாக்கின் கீழ் அடிக்கிற மருந்து ஸ்பிரே கைப்பையில் இருக்கிறதா என்று இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

7.30. காட்டின் ஓரத்தில் கார் நிறுத்துமிடம். எங்கள் காரும், குதிரை ஏற்றுகிற வண்டி ஒன்றும் மட்டும். மஞ்சள் அடையாளம் போட்ட பாதை அங்கிருந்து ஆறரைக் கிலோமீட்டர் சுற்றி, அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. அந்த வட்டத்தை முழுதாக நடப்பது என்றுதான் நான் மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். ரஞ்சியிடம் "பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

காடு என்றால் நம் கதைகளில் வருகிற அடர்ந்த வனம் அல்ல. யூலாந்துத் தீபகற்பத்தின் இந்தப் பகுதி ஒரு காலத்தில் வெறும் மணலும் புதருமாகக் கிடந்த நிலம். மனிதர் நட்டு வளர்த்த ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நடுவில் நேரான மணல் பாதைகள். மரங்கள் விலகுகிற இடங்களில் ஹீதர் செடி ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. அந்தக் காலை அதன் மேல் பனிப்புகை முழங்கால் உயரத்துக்கு நின்றது. சிலந்தி வலைகளில் எல்லாம் நீர்த்துளி.

8.05. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடந்திருப்போம். எதிரே குதிரையில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கட்டையான ஐஸ்லாந்துக் குதிரை. இந்த நாட்டில் தெருவில் கண்டால் முகம் பார்க்காதவர்கள், காட்டில் கண்டால் நின்று கதைப்பார்கள். மெட்டே என்று தன் பெயரைச் சொன்னாள். எங்களிடம் நாய் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றோம். அப்படியென்றால் நல்லது, வியாழக்கிழமை இந்தப் பாதையில் ஓநாய்களைக் கண்டேன், தாயும் குட்டிகளும் போலிருந்தது என்றாள். காலநிலை சொல்கிற குரலில் சொன்னாள்.

ஓநாய்கள் ஜெர்மனிப் பக்கமிருந்து யூலாந்துக்கு வந்த செய்தி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருநூறு வருடம் இல்லாமல் போயிருந்து திரும்பி வந்தவை. ஆடு வளர்க்கிறவர்கள் ஒரு பக்கம், காட்டை நேசிக்கிறவர்கள் ஒரு பக்கம் என்று தொலைக்காட்சியில் சண்டை நடக்கும். அதை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்போம். எங்கள் விஷயம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

கண்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். ஓட வேண்டாம், நின்றுகொள்ளுங்கள், அவை விலகாவிட்டால் சத்தமாகக் கதையுங்கள், கைதட்டுங்கள், மெதுவாகப் பின்னுக்குப் போங்கள் என்றாள் மெட்டே. பெரும்பாலும் உங்களுக்கு முன்பே அவை உங்களைக் கண்டு போய்விடும் என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினாள்.

அவள் மறைந்ததும் ரஞ்சி நின்றாள்.

"திரும்புவமப்பா. உங்கட நெஞ்சுக்கு இது தேவையில்லை."

எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. "ஆறு மாசமாத் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறம். இண்டைக்கு நான் சுத்தி முடிக்கப் போறன். உமக்குப் பயமெண்டால் காரில போய் இரும்" என்றேன்.

சொன்ன உடனேயே வருந்தினேன். ஆனாலும் நடந்தேன். கொஞ்சத் தூரம் போனபின் எனக்குப் பின்னால் மணலில் அவளுடைய காலடி கேட்டது. இருபது முப்பது அடி இடைவெளியில் வந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது ஸ்பிரே கைப்பைக்குள் இருக்கவில்லை, கையில் இருந்தது. அப்படியே ஒரு கிலோமீட்டர். வழியோரம் காட்டு நாவல்போலக் கறுத்த சிறு பழங்கள் இருந்தன. பறித்து அவளிடம் நீட்டினேன். வாங்கினாள், சாப்பிடவில்லை.

8.50. பாதை ஒரு சிறு மேட்டில் ஏறி, இடப்பக்கம் வளைகிறது. மேட்டில் ஏறியதும் மூச்சு வாங்கியது. நின்றேன். ரஞ்சி பக்கத்தில் வந்து சேர்ந்தாள். அப்போது வலப்பக்க மரங்களுக்கிடையிலிருந்து, எங்களுக்கு அறுபது அடி முன்னால், ஒரு நாய் பாதையில் இறங்கியது. நாய் என்றுதான் நினைத்தேன். யாருடைய அல்சேஷன், சொந்தக்காரர் எங்கே என்று கண்கள் தேடின. பிறகுதான் கால்களைக் கண்டேன். நாய்க்கு அவ்வளவு நீளமான கால்கள் இல்லை. வால் வளையாமல் நேராகத் தொங்கியது. சாம்பலும் மண்ணிறமும் கலந்த முதுகு, வாயைச் சுற்றி வெள்ளை. அது தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. குரைக்கவில்லை, உறுமவில்லை. நாம் ஒரு மரத்தைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தது.

அதன் பின்னால் இரண்டு குட்டிகள் வந்தன. குட்டிகள் என்றாலும் சிறியவை அல்ல. காதுகளும் பாதங்களும் உடம்புக்கு மிஞ்சி வளர்ந்த பருவம். ஒன்று தாயோடு ஒட்டி நின்றது. மற்றது எங்களை நோக்கி வந்தது. நாலு அடி வைக்கும், நிற்கும், மூக்கை உயர்த்தும், மறுபடி நாலு அடி. தாய் அசையவில்லை. ஆனால் அதன் கழுத்து மயிர் மெல்ல எழுந்ததைக் கண்டேன்.

சத்தமாகக் கதைக்க வேண்டும் என்பது நினைவில் இருந்தது. வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. தையல் போட்ட நெஞ்செலும்பு முழுக்க இதயம் இடித்தது. ஓட என்னால் முடியாது என்பதும், ஓட முடிந்திருந்தால் அந்தக் கணத்தில் ஓடியிருப்பேன் என்பதும் ஒருசேரத் தெரிந்தன.

ரஞ்சி என்னைத் தாண்டி முன்னால் வந்தாள். ஸ்பிரேயைச் சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு கைகளைத் தட்டினாள். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடும்போது தட்டுகிற அதே தட்டல், நிதானமாக, பலமாக. குட்டி நின்றது.

"போ பிள்ளை," என்றாள். "போ. கொம்மாவோட போ."

குரலில் நடுக்கம் இல்லை. அதட்டலும் இல்லை. படலையடியில் விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதுபோல் சொன்னாள். குட்டி தலையைச் சரித்துக் கேட்டது. அவள் இன்னும் மூன்று முறை தட்டினாள். அது சட்டென்று திரும்பி, தன் கால்களே தடக்கத் தாயிடம் ஓடியது. தாய் இன்னும் ஒரு கணம் எங்களைப் பார்த்துவிட்டு, இடப்பக்கத்து மரங்களுக்குள் இறங்கியது. குட்டிகள் பின்னால் போயின. ஒரு சுள்ளி முறிகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. எல்லாமாக ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது.

மூன்றும் மறைந்ததும் ரஞ்சி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. உதடு மட்டும் "இயேசப்பா, இயேசப்பா" என்று அசைந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தேன். தேத்தண்ணியில் சீனி தேவை என்று தோன்றியது, இருக்கவில்லை. பணிஸைப் பிய்த்துக் கையில் கொடுத்தேன். ஜக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி எலிபோல ஓடியது. மெதுவாக மூச்சு விடும், மூக்கால இழுத்து வாயால விடும் என்று பிசியோக்காரி எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அவள் சொன்னபடி செய்தாள்.

ஆறு மாதத்தில் முதல் தடவையாக நான் ஒருவரைப் பார்த்துக்கொண்டேன். பத்து நிமிடம்தான். பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

"இவ்வளவு நாளும் எனக்கு உங்களைப் பற்றித்தான் பயம்," என்றாள். "என்னைப் பற்றிப் பயப்பட நேரமே இருக்கேல்லை."

காரில் போய் இருக்கச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு எழும்பி, பின்பக்கத்து மணலைத் துடைத்தாள். வந்த வழியே திரும்பினாலும் மூன்று கிலோமீட்டர், முன்னால் போனாலும் மூன்றரை. நான் திரும்பத் தயாராகவே இருந்தேன். அவள் முன்னால் நடந்தாள்.

10.20. வட்டம் முடிந்தது. கார் நிறுத்துமிடத்தில் குதிரை ஏற்றுகிற வண்டி போய்விட்டிருந்தது. ஹம்பன் ஏரிக்கரை வரை ஓட்டிப்போய், தண்ணீரைப் பார்த்தபடி மிச்சப் பணிஸைச் சாப்பிட்டோம். ஓகூஸில் இருக்கும் மகள் ஷாமினிக்குப் போன் எடுத்தோம். ஓநாய்களைக் கண்டதை நான் சொன்னதும் அவள் டேனிஷில் பொரிந்து தள்ளினாள். ரஞ்சி தமிழில் ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு, அப்பா ஆறரைக் கிலோமீட்டர் நடந்தவர் என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். காட்டைவிட்டு வெளியே வரும்போது ஒருவிதமான மரியாதை மனதில் நின்றது. அந்தத் தாய் தன் குட்டியை எங்களிடம் நாலு அடி விட்டுப் பார்த்தது. நாங்கள் அதை ஒன்றும் செய்யவில்லை. அதுவும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. அயலவர்களிடையே அதற்குமேல் என்ன வேண்டும்?

பின்னேரம் ரொறன்ரோவில் இருக்கும் பவா அக்காவோடு ரஞ்சி கதைத்தாள். பவா அக்கா அவளுக்கு மூத்தவள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் நரிபோலக் கொயோட்டி வரும், குப்பை வைக்கிற நாளில் தெருவால் நடந்து போகும் என்று அக்கா சொல்வது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. கொயோட்டி சின்னன் அக்கா, இது ஓநாய் என்றாள் ரஞ்சி. பிறகு கதையைத் தொடங்கினாள். குட்டிகள் நாலாகின. அறுபது அடி இருபது அடியானது. நான் கூடத்தில் படுத்தபடி சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"பிறகென்ன செய்தனீங்கள்?" என்று அக்கா கேட்டாள்.

"இவர்தான் எனக்கு முன்னால போய் நிண்டவர் அக்கா. கையைத் தட்டிக் கலைச்சவர். நான் பின்னால நிண்டு நடுங்கினன்."

எழும்பிப் போய் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சமையலறை வாசல் வரை போனேன். அவள் எனக்கு முதுகு காட்டி நின்று, போனைத் தோளில் இடுக்கியபடி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, காது சிவந்திருந்தது. நான் திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

ரொறன்ரோவில் நான் இப்போது வீரன். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இதை வாசிக்கிறவர்கள் அறியவேண்டும்: முன்னால் போனவள் அவள். கைதட்டியவளும் அவள்தான்.