வளைவில் விரித்த வலை

"இன்னாம்மா, மீன்வலைய எடுத்தாந்து ரோட்டுல விரிக்கிற? லாரியா மாட்டப் போவுது?"

சூபர்வைசர் கேட்டதும் தார்போட வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கையில் கறுப்புக் கண்ணாடியிழை வலையின் உள்ளங்கையளவு துண்டு இருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புச் சுருள் ஏற்றிய ட்ரெய்லர்கள் திரும்பும் வளைவு அது. மழைக்கு மழை தார் பிளந்துவிடும். அடியிலுள்ள விரிசல் மேலே ஏறாமலிருக்கப் பழைய தாருக்கும் புதிய தாருக்கும் நடுவே வலையை ஒட்டலாம் என்று சொன்னவள் நான். எங்கள் வீட்டில் முதலில் படித்து இன்ஜினியர் ஆனவளும் நான்தான், பெருமையாகவே சொல்கிறேன். அப்பா அந்த இரும்புச் சுருள் ஆலையில்தான் லோடு ஏற்றினார். வளைவு சரியாக வராவிட்டால் சைட்டை விட்டுவிட்டு ஆபீஸில் உட்கார வேண்டும் என்று எங்கள் கம்பெனி மேலாளர் சொல்லியிருந்தார்.

வலையை விரித்து முடித்தபோது, சூடான தார்க்கலவை கொண்டுவந்த டிப்பர் அதன்மேல் நின்றபடியே சக்கரத்தைத் திருப்பியது. டயரில் ஒட்டிக்கொண்ட வலை சுருண்டு எழுந்தது.

"வுடும்மா, மேல கலவைய கொட்டினா அமுங்கிடும்" என்றார் சூபர்வைசர்.

"அமுங்காதுண்ணா. கசங்கின எடத்துல தார் ஒட்டாது. அங்கதான் மொதல்ல பிளக்கும்."

"கலவை ஆறிப்போனா ஒங்க வாத்தியாரா வந்து சூடு பண்ணுவாரு?"

மண்டியிட்டுக் கசங்கிய பகுதியைக் கத்தியால் அறுக்கத் தொடங்கினேன். ஒட்டுத்தார் புடவையெல்லாம் அப்பியது. அந்த இடத்தில் நான் விரித்த புது வலையின் மறுமுனையைச் சூபர்வைசர் முணுமுணுத்தபடியே பிடித்தார். "இன்னாடா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறீங்க? இழுங்கடா!" வலை விறைப்பாக அமர்ந்தது. பிறகு டிப்பர் ஓட்டுநரிடம் திரும்பினார். "நேரா ரிவர்ஸ் வா. ஸ்டீயரிங்க ஒடிச்சே, மவனே, கைய ஒடிச்சிடுவேன்." கலவை ஆறுவதற்குள் ரோலர் ஏறிவிட்டது.

இரண்டு மழைக்காலம் போனபின் நானும் சூபர்வைசரும் அங்கே போய்ப் பார்த்தோம். இரு பக்கமும் பழைய சாலையில் ஓடிய விரிசல்கள் வளைவின் விளிம்போடு நின்றிருந்தன. சூபர்வைசர் செருப்புக் காலால் தாரைத் தேய்த்துப் பார்த்தார். "ஒன் வலை கிழியலம்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த உள்ளங்கையளவு வலைத்துண்டு இன்னும் என் பையில் இருக்கிறது. இன்று காலை வள்ளூரில், மின்நிலையத்துக்கு இயந்திரம் ஏற்றிவரும் ட்ரெய்லர்கள் திரும்பும் இடத்தில் அதை வைத்து விளக்கினேன். யாரோ சிரித்தார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்ததும் சூபர்வைசருக்கு போன் செய்து, வலையின் மறுமுனையைப் பிடிக்க வரச் சொல்லிவிட்டேன்.