நோவில்லாத மஞ்சள்

மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் வருத்தத்தைச் சொல்லியா மருந்து கேட்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுகமாக்கிய குளிசையின் நிறத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். மகளை முன்பள்ளியில் விட்டுவிட்டு கோப்பாயில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். நீங்களும் இப்படி நின்றிருந்தால் என் தலையிடி விளங்கும்.

மெலிவு

வெங்காயத் தோட்டம் செய்கிற தங்கராசா அண்ணைக்குப் புதிதாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. குளிசை எடுக்க மனைவி சரசு அக்காவோடு வந்தார். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, சாப்பாட்டிலும் மனமில்லை. அக்காவுக்கோ ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை.

"உன்ரை மனுசனுக்கும் சீனியை நிப்பாட்டிப் பார், பிள்ளை. உவர் மாப்பிள்ளை மாதிரி ஆகிட்டார்!"

கடி

பிறகு அண்ணை உடம்பெல்லாம் கடி என்று பூச்சு மருந்துக்கு வந்தார். தோலில் ஒரு பரு இல்லை. சொறிந்த கோடுகள் மட்டும். தோட்டத்துக்கு அடித்த மருந்துதான் காரணம் என்று கீரிமலைத் தீர்த்தக் கேணியில் முழுகியும் பார்த்தாராம். நான் போத்தலை நீட்டினேன்.

"கீரிமலைத் தண்ணிக்கே அடங்காதது உன்ரை போத்தலுக்கு அடங்குமோ?"

மஞ்சள்

அடுத்த முறை கண் இரண்டும் மஞ்சள். செங்கமாரி என்று அக்கா கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து, எண்ணெயையும் நிறுத்திவிட்டா. சலம் போனால் பிளேன்டீ நிறம், வெளிக்குப் போனால் சாம்பல் நிறம் என்று அண்ணை சந்தோசமாகவே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, இனி அவருக்கு ஒன்றும் விற்காதே என்று சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்குத் துரத்தினார். அண்ணைக்குக் கோபம்.

"நோவில்லாததும் ஒரு வருத்தமே, முதலாளி?"

கல்லு

ஸ்கானில் கணையத்தின் தலைப்பக்கம் கட்டி. புற்றுநோய். இது கடைசிவரை ஒளித்திருக்கிற சாதியாம். அண்ணையின் கட்டி பித்தக் குழாயை நெரித்ததால் கண்ணில் வந்து காட்டிக்கொடுத்திருக்கிறது. இன்னும் பரவவில்லை, வெட்டி எடுத்துப் பார்க்கலாம் என்றாராம் டொக்டர். இதையெல்லாம் அக்கா காலையில் வந்து அழுதழுது சொன்னா.

"அவருக்குப் பித்தப்பையிலை கல்லு எண்டுதான் சொன்னனான். தெரிஞ்சால் ஒப்பரேசனுக்கு வரமாட்டன் எண்டு நிப்பார். நீயும் கல்லு எண்டே சொல்லு."

பின்னேரம் அண்ணை தனியாக வந்தார். டொக்டரிடம் தானே கேட்டு எல்லாம் அறிந்து, ஒப்பரேசனுக்குச் சம்மதமும் சொல்லிவிட்டாராம்.

"மனிசி பாவம், கல்லு எண்டு நம்பிக்கொண்டிருக்குது. நீ வாயைத் திறந்திடாதை, பிள்ளை."

காலையில் அக்காவுக்கு ஆட்டிய தலையை இப்போது அண்ணைக்கும் ஆட்டப் போனேன், ஆடவில்லை. நோவை மறைக்க மருந்து கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவேன், இதற்கு மருந்தை எந்தத் தட்டில் தேடுவது?

"அண்ணை, ஒரு வீட்டுக் கல்லை ரெண்டு பக்கமும் ஒளிக்க இந்தக் கடையிலை இடமில்லை. போய் அக்காவோடை கதையுங்கோ."