கண்ணைத் திறந்து செய்த ஜெபம்

என் வீட்டுக்காரர் ஜெபிக்கத் தொடங்கினால், போன வீட்டில் சாப்பிட வைத்த மீஹூன் நூடுல்ஸ் ஆறிவிடும். ஈப்போவில் எங்கள் சபையார் அனைவருக்கும் இது தெரியும். ரப்பர் தோட்டத்து ஜெபக்கூடத்தில் மைக் இல்லாமல் பழகிய குரல். நோயாளி வீட்டுக்குப் போனால், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆதாமில் தொடங்கி நோயாளியின் மாத்திரை வரை வந்து சேர்வார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பேன்.

பிறகு எனக்கே ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போனது. ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் எனக்குக் கட்டில் போட்டார். சமைத்தார், குளிப்பாட்டினார். காலையும் மாலையும் தலைமாட்டில் நின்று, வாக்குத்தத்தங்களை ஆண்டவருக்கு நினைவூட்டினார்.

எனக்கோ முதுகு அரித்தது. சொல்ல வாயில்லை. நெளிந்தால், வலி என்று நினைத்து மறுபடியும் கண்ணை மூடி ஜெபிப்பார். அவர்மேல் கோபம் வந்தது, ஆண்டவர்மேலும்தான். இனி நான் நினைப்பது ஒருவருக்கும் தெரியாமலே போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒரு மழை நாள் மாலை, ஜெபம் பாதியில் நின்றது. அவருக்கு வார்த்தை வரவில்லை. கண்ணைத் திறந்தார், கன்னமெல்லாம் ஈரம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நீயே காட்டு. என்ன வேணும்?"

இடது தோளைக் கட்டிலில் தேய்த்துக் காட்டினேன்.

"முதுகா?"

தலையாட்டினேன். மேலேயா, கீழேயா என்று கேட்டுக் கேட்டுச் சொறிந்துவிட்டார். இருவரும் சிரித்தோம், அழுதோம். ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை என்று நான் மனதார நம்பியது அன்றுதான். இந்த மனுஷனை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

இப்போது முக்கால்வாசிப் பேச்சு திரும்பிவிட்டது. அதில் பாதி அவரைத் திட்டுவதற்கே சரியாகப் போகிறது.

போன மாதம் தஞ்சோங் ரம்புத்தானில், படுத்த படுக்கையாக இருந்த ஓர் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தோம். வழக்கம்போல் எல்லாரும் கண்ணை மூடினோம். சத்தமே இல்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த அண்ணனின் கையைப் பிடித்திருந்தார்.

"ஜெபம் அப்புறம் பண்ணலாம்ணே. ஒங்களுக்கு என்னா செய்யுதுன்னு மொதல்ல சொல்லுங்க."

சாகப் பயமாக இருக்கிறது என்று அந்த அண்ணன் சொன்னார். அவர் மனைவியே அதை அன்றுதான் கேட்டாராம். அண்ணன் ஒரு மணி நேரம் பேசினார்.

அன்றும் மீஹூன் ஆறித்தான் போனது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.