பயிர்க் காவலுக்கு மட்டும்

மூன்று மண்பானைகளை உடைத்துக் காட்டிக் கைதட்டு வாங்குவதற்காக, ஏழு குடும்பத்து நிலக்கடலையைக் காட்டுப்பன்றிக்குத் தாரை வார்த்த மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் துரையைத் திட்டப்போகிறேன், சர்க்காரைத் திட்டப்போகிறேன், கதர்ச்சட்டைக்காரரையும் விடப்போவதில்லை. அப்போது யாராவது குறுக்கே புகுந்து, "நீ மட்டும் ரொம்ப யோக்கியமோ?" என்று கேட்கக்கூடாது பாருங்கள். அதற்காக என் காதை நானே முதலில் திருகிக்கொள்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு, இதை எந்தெந்த ராஜா ஆண்டான் என்று எங்களைக் கேட்பார்கள். எங்களுக்குத் தெரிந்து அப்போது அதை ஆண்டது பன்றிதான். மதிலுக்குள் புதர் மண்டிக் கிடந்தது. பகலெல்லாம் அதில் படுத்துக் கிடக்கும். இருட்டினதும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலையடியில் இருந்த எங்கள் கொல்லைகளுக்கு இறங்கிவிடும். நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். காய் பிடித்த மல்லாட்டைச் செடி என்றால் பன்றிக்கு உயிர். மூக்கால் உழுதுகொண்டே போகும். எங்கள் ஏர் கூட அத்தனை ஆழம் போகாது.

அதைத் துரத்த அந்த வரிசையில் ஏழு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு துப்பாக்கிதான் இருந்தது, அது என்னிடம் இருந்தது. என்னைப் பெற்ற நைனா காலத்து நாட்டுத் துப்பாக்கி. குழலில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்து, கடைசியில் பொறி கிளப்பக் கேப்பு வைக்க வேண்டும். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே பன்றி சாப்பிட்டு ஏப்பம் விட்டு, சாவகாசமாகப் போய்ச் சேரலாம். நான் சுட்டுச் செத்த பன்றி என்று ஒன்று கிடையாது. ஆனால் சத்தம் இருக்கிறதே, அது போதும். ஒரு வெடி போட்டால் நாலு நாளைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

என் கொல்லையை ஒட்டி அரை ஏக்கரில் ஓர் அக்கா, விளைச்சலில் பாதி நிலத்துக்காரருக்கு என்று, வாரத்துக்குப் பயிர் வைத்திருந்தாள். உறவு இல்லை, அவள் கிறிஸ்தவச்சி. பக்கத்துக் கொல்லை, அதனால் அக்கா. புருஷன் செத்துப்போய்விட்டான். நிலத்துக்காரர் பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் இருந்தார். போன வருஷம் மழை பொய்த்து வாரம் குறைந்ததில் அவருக்குக் கோபம். இந்த வருஷம் பாதி விளைச்சல் சரியாக வந்து சேராவிட்டால் கொல்லையை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துப் பார்த்து வளர்த்தாள்.

ஐப்பசியில் தமுக்குப் போட்டார்கள். டிவிஷன் ஆபீசர் துரை யுத்த நிதிக்காகக் கோட்டைக்குள் துப்பாக்கிப் போட்டி வைக்கிறார், நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் வரலாம் என்று. நான் அன்றைக்கே குழலுக்கு எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டேன்.

"போவாத தம்பி. காய் புடிக்கற நேரம்," என்றாள் அக்கா.

"பட்டப்பகல்ல பன்னி வருமாக்கா? சாயங்காலத்துக்குள்ள வந்துட மாட்டேன்?"

"அது காவலுக்கு வச்சிருக்கறது. ஆட்டம் காட்டறதுக்கு இன்னாத்துக்கு எடுத்துனு போற?"

என் லைசென்சில் அச்சடித்திருந்ததும் அதேதான். பயிர்க் காவலுக்கு மட்டும், இன்னின்ன சர்வே நம்பருக்குள் மட்டும். இங்கிலீஷில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அக்கா தமிழில் சொன்னாள், அதையும் நான் கேட்கவில்லை.

கல்யாண மகாலுக்கு எதிரே மைதானத்தில் சுவர்மேல் பானைகளை அடுக்கியிருந்தார்கள். முதலில் துரையும் அவருடைய சிநேகிதர்களும் பளபளவென்று ரைபிளை எடுத்துச் சுட்டார்கள். துரை இரண்டு பானையை உடைத்தார். மூன்றாவதை இரண்டு தடவை தவறவிட்டார். பிறகு எங்கள் முறை. எங்களை அழைத்தது சிரிப்பதற்குத்தான் என்று எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. முதல் ஆளின் துப்பாக்கி வெடிக்கவே இல்லை. அடுத்தவன் உதை தாங்காமல் மல்லாந்து விழுந்தான். துரைமார்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

நான் மூன்றையும் உடைத்தேன். வீரம் ஒன்றும் இல்லை. அவர்கள் ரைபிளில் போவது ஒரே குண்டு. நான் போட்டது ஒரு பிடி ரவை. அது சுடாது, கோலப்பொடி மாதிரி தூவும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டிருந்தாலும் பானை தப்பியிருக்காது. ஆனால் ஜனங்கள் சீழ்க்கை அடித்தார்கள். சீழ்க்கைச் சத்தம் கேட்டால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது.

"துரை துப்பாக்கிக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கி மாட்டுங்கப்பா, சரியாப்பூடும்!" என்று கத்தினேன்.

மைதானமே சிரித்தது. துரை, என்ன சொன்னான் என்று குமாஸ்தாவைக் கேட்டார். அந்தப் புண்ணியவான் ஓர் எழுத்து விடாமல் மொழிபெயர்த்தான். துரையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் லைசென்சைக் கேட்டார். ஏதோ நற்சாட்சி எழுதித் தரப்போகிறார் என்று நினைத்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினேன்!

குமாஸ்தா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "இது கொல்லையில வெடிக்கற துப்பாக்கி. இங்க வெடிக்க உனுக்கு உத்தரவு குடுத்தது யாரு?"

"நீங்கதானேய்யா தமுக்குப் போட்டு கூப்பிட்டீங்க?"

"தமுக்கு லைசென்சு ஆவுமா? துப்பாக்கிய வச்சுட்டுப் போ."

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. பொழுது போகாமல் கவுதாரி சுடுகிறவனுக்கு மூன்று ரைபிள். கேள்வி இல்லை, எல்லை இல்லை. சோற்றுக்காகச் சுடுகிறவனுக்கு ஓட்டைத் துப்பாக்கி ஒன்று, அதற்கும் ஆயிரம் நிபந்தனை. விளையாட்டுக்கு வைத்திருந்தால் கனவான். தேவைக்கு வைத்திருந்தால் சந்தேகத்துக்குரியவன். அதிலும் குறி தப்பாமல் சுட்டுவிட்டால் குற்றவாளியே. சட்டம் போட்டவன் எங்கள் பன்றியைப் பார்த்துப் பயப்படவில்லை, எங்களைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறான்.

மூன்றாம் நாளே பன்றிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தகரம் தட்டினோம், தீப்பந்தம் கட்டினோம். யுத்தத்தில் பட்டாசும் கிடைக்கவில்லை. மனுவுக்கு மேல் மனு எழுதிப்போட்டேன். மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. ரயத்துகளின் கஷ்டத்தைக் கேட்டுத் துரை மனம் இரங்கினாராம், பன்றிகளைத் தாமே வந்து வேட்டையாடுவாராம்.

வந்தார். விடிந்ததும் சிநேகிதர்கள், நாய்கள், டீக் கூஜாவோடு வந்தார். பன்றியைக் கலைத்து விட முப்பது பேர் வேண்டும் என்று எங்களையே பிடித்து நிறுத்தினார்கள். முன்வரிசையில் தகரம் தட்டிக்கொண்டு போனது யார் என்கிறீர்கள்? நான்தான். துரைக்கு நல்ல பேர் வந்தால் துப்பாக்கி திரும்பி வரும் என்று ஒரு நப்பாசை. பன்றிகள் துப்பாக்கி இருந்த பக்கம் போகவில்லை. கொல்லை வழியாகப் பிய்த்துக்கொண்டு ஓடின. பின்னால் நாய்கள், நாய்க்குப் பின்னால் பூட்ஸ், பூட்ஸுக்குப் பின்னால் நாங்கள். பன்றி மீதி வைத்ததை நாங்கள் மிதித்தோம். கடைசியில் விழுந்தது இரண்டு கவுதாரி.

துரை அக்காவின் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்தார். அக்கா ஒரு செடியைப் பிடுங்கி உதறினாள். மண்தான் விழுந்தது. அதை அவர் பக்கம் நீட்டவில்லை. என் பக்கம் நீட்டினாள்.

தையில் அனந்தபுரத்துக்காரர் அந்தக் கொல்லையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். நானே நடந்துபோய் அவர் வாசலில் நின்று கெஞ்சினேன். "வாரம் கொண்டாந்தியா?" என்றார். இல்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைத்தெருவில் ஒரு கதர்ச்சட்டைக்காரர் அந்நாளில் பேசுவார். "ஜனங்க கையில ஆயுதம் இல்லாத தேசம் தேசமா? ஆட்டுப்பட்டி!" என்பார். உள்ளங்கை சிவக்கக் கைதட்டினவன் நான். சுதந்திரம் வந்தது. அவர் சொன்னால் ஆபீசில் காரியம் நடக்கும் என்றார்கள். ஓடினேன்.

"எல்லார் கையிலயும் துப்பாக்கியக் குடுத்துட்டா நாடு இன்னாத்துக்கு ஆவும்? நம்ம வழி அகிம்சை," என்றார்.

"அத பன்னிகிட்ட யாருனா சொல்லிட்டாங்களாண்ணா?"

அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் புத்தம்புது இரட்டைக்குழல் மாட்டியிருந்தது. அது காவலுக்கா விளையாட்டுக்கா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் அலையவிட்டுத்தான் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். லைசென்சும் அதே அச்சுக் காகிதம். ராஜாவின் கிரீடத்தின்மேல் பேனாவால் ஒரு கோடு கிழித்திருந்தார்கள், எங்கள் சுதந்திரம் அவ்வளவுதான். கீழே நிபந்தனைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. துப்பாக்கி துருவேறி, மருந்து இடிக்கிற கம்பி கூடக் காணாமல் போயிருந்தது. ஆனாலும் என் புத்தியைப் பாருங்கள், பதக்கம் வாங்கினவன் மாதிரி அதைத் தோளில் சாத்திக்கொண்டு நேரே அக்காவிடம் ஓடினேன்.

அவள் அதே அரை ஏக்கரில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க பாரு! நம்ம துப்பாக்கி வந்துடுச்சு!" என்றேன்.

அவள் களை வெட்டுகிற கையை நிறுத்தவில்லை.

"எனுக்கு நெலம் வந்துச்சா?"